புது ஜெர்சிக்கு அழைப்பு

மே 8, வியாழன்

இந்த டைரி ஸ்பான்சர் கொடுத்தது. ஜனவரியில் வந்த டைரியை மே மாதம் பிரிக்கிறேன் என்றால் சீசன் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பதின்மூன்று அணிகளில் எங்கள் வங்கக்கடல் எஃப்.சி. ஏழாவது இடம். மேலே போகவும் இல்லை, கீழே விழவும் இல்லை. நடுவில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேட்ச் இல்லாத மாதத்தில் கிளப்பில் வேலை இருக்காது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு வேலையே இப்போதுதான். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது. யார் தொடர வேண்டும், யார் போக வேண்டும் என்று மேத்யூ சார் முடிவு செய்வார். அவர்தான் அணி இயக்குநர். முடிவு நிவேதா மேடத்துக்கு வரும். அவர் விளம்பரப் பிரிவுத் தலைவர். அவரிடமிருந்து எனக்கு வரும். நான் போஸ்டர் செய்வேன். தொடர்கிறவனுக்கு "தொடர்கிறார்". போகிறவனுக்கு "நன்றி". முடிவாகாதவனுக்கு இரண்டும்.

போகிறவனுக்கு முதலில் போன் செய்து சொல்லிவிட்டு அப்புறம் போஸ்டர் போட வேண்டும் என்பதுதான் முறை. போன வருடம் ஒரு மிட்ஃபீல்டர் சலூனில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் காட்டித்தான் தெரிந்துகொண்டான். பாதி ஷேவிங்கில் எழுந்து வந்து எனக்கு போன் செய்து கிழித்துவிட்டான். போஸ்டர் போட்டது நான்தான், முடிவு போட்டது நானா?

மே 10, சனி

அக்னி நட்சத்திர வெயில். லாரித் தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒன்பதாவது நாள். நான்கு வேளை சொட்டு மருந்து. கண்ணைத் திறக்கச் சொன்னால் வாயைத் திறக்கிறாள்.

சாயங்காலம் எபி வந்தான். எபினேசர். எங்கள் கோல்கீப்பர். ஆறு வருடமாக இந்தக் கிளப்பில் இருக்கிறான். அதற்கு முன்னால் வியாசர்பாடியில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான், இன்னும் இருக்கிறான். ஸ்கூலில் எனக்கு ஒரு பந்துகூட தடுக்கத் தெரியாது. அவனுக்கு ஒரு கணக்குகூட வராது. அப்படி ஒட்டிக்கொண்டோம்.

கையில் ஒரு கவர். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்திருக்கிறது. கிளார்க். அவர்கள் அணிக்கு ஆட வேண்டும், மற்ற நேரம் ஆபீஸ். மே 30, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் எந்த கிளப்புக்கும் ஆட முடியாது. சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு. ஆகஸ்டில் அவனுக்கு முப்பது முடிகிறது. அதற்கு மேல் இந்தக் கோட்டாவில் விண்ணப்பமே போட முடியாது.

"இன்னாடா யோசிக்கிற? போய்ச் சேந்துடு" என்றேன்.

"கோச் சொன்னாரு மச்சி. 'என் பிளான்ல நீ இருக்க'ன்னாரு. தோள்மேல கை வெச்சு சொன்னாரு. கிளப்பு இன்னும் ரெண்டு வருசம் குடுத்துச்சின்னா எனக்கு இந்த வேலையே வேணாம். ஆடணும்டா. கிளப்பு இல்லைன்னுச்சின்னா மறுநாள் காலைல போய் ஜாயின் பண்ணிடுவேன். எதுன்னு முப்பதாந்தேதிக்குள்ள தெரிஞ்சா போதும்."

"பியூலா இன்னா சொல்லுது?" பியூலா அவன் மனைவி.

"அது ஆபீஸ் போறதுக்கு எனக்கு ரெண்டு சட்டையே எடுத்து வெச்சிருச்சு" என்று சிரித்தான்.

கோச் பாவம், நல்ல மனிதர். ஆனால் அவருடைய பிளானை மேத்யூ சார் கேட்டு நான் பார்த்ததில்லை.

மே 14, புதன்

பட்டியல் வந்தது. பதினெட்டுப் பெயர். ஏழு பேர் தொடர்கிறார்கள். ஏழு பேருக்கு நன்றி. நான்கு பேருக்கு இரண்டும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எபி அந்த நான்கில்.

வெளியே சொன்னால் வேலை போகும் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு வருட ஒப்பந்தம்தான், எனக்கும் மே 31-இல்தான் முடிகிறது. எனக்கு யார் போஸ்டர் செய்வார்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "நீயே பண்ணிக்க வேண்டியதுதான் தயா" என்றார். ஜோக்தான். சிரித்தேன்.

எபியின் "நன்றி" போஸ்டருக்குப் படம் தேடினேன். அவன் சிரிக்கிற படம் நிறைய இருக்கிறது. நன்றி போஸ்டருக்கு ரொம்பச் சிரிக்கிற படம் வைத்தால் நன்றாக இருக்காது. பாதிச் சிரிப்பில் ஒன்று கிடைத்தது.

மே 16, வெள்ளி

லாரி வந்தது. பதினாறு குடம். இடுப்பு போயிற்று.

மே 20, செவ்வாய்

எபி மைதானத்தில் தனியாகப் பயிற்சி செய்கிறான். ஜிம்முக்கு வந்தவன் என் அறையை எட்டிப் பார்த்தான். நான் கம்ப்யூட்டர் திரையை அணைத்தேன்.

"புது ஜெர்சி எப்ப வருது?"

"இருபத்தாறு."

"ஷூட்டு?"

"இருபத்தேழு."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று வாயைத் திறந்து கேட்பது எங்கள் பையன்களுக்குக் கௌரவக் குறைச்சல். கேட்டால் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஒரு ஜோசியம் வைத்திருக்கிறார்கள். புது ஜெர்சி போட்டோவுக்குக் கூப்பிட்டால் அடுத்த சீசன் உறுதி. கூப்பிடாவிட்டால் பையைக் கட்டு. ஆறு வருடமாக ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை என்று சத்தியம் செய்வார்கள். பொய்த்ததில்லைதான். போகப்போகிறவனுக்குப் புது ஜெர்சி போட்டு யார் படம் எடுப்பார்கள்?

மே 24, சனி

மதியம் மேடம் போன் செய்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொல்கத்தா அணியிலிருந்து ஒரு மிசோரம் கீப்பர். ரெம்ருவாத்தா. இருபத்துமூன்று வயது. இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜூன் 3 அறிவிப்பு. எபியின் "தொடர்கிறார்" வேண்டாம், அழித்துவிடலாம். "நன்றி" ஜூன் 4.

"எபிக்குச் சொல்லிட்டாங்களா மேடம்?"

"மேத்யூ சார் சொல்லுவார். புதுப் பையனோட பழைய கிளப்ல பேப்பர் முடியணும். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. ஒருவேளை அது சொதப்பிச்சுன்னா நமக்கு எபி வேணும்ல."

மிச்சச் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மேத்யூ சார் அதற்குள் சொல்லிவிடுவார். அவரும் ஒரு காலத்தில் ஆடியவர்தானே.

மே 25, ஞாயிறு

அம்மாவுக்கு மருந்து. வாஷிங் மிஷின் தண்ணீர் வெளியேற மாட்டேன் என்கிறது. எபி இரண்டு தடவை போன் செய்தான். கை ஈரமாக இருந்தது.

மே 26, திங்கள்

ஜெர்சி வந்தது. ஆட்டக்காரர்களுக்கு நீலம், கீப்பருக்கு ஆரஞ்சு. நன்றாகத்தான் இருக்கிறது.

மிசோரம் பையனால் வர முடியவில்லை. அங்கே மழை, மலை சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. ஜூன் ஆறாம் தேதிக்குத்தான் வருவான். படம் அச்சுக்குப் போக வேண்டியது 28. மேடம் கத்தினார். ஒப்பந்தம் புதுப்பிக்கிற ஃபைல் அவர் மேஜையில்தான் இருக்கிறது, என்னுடையதும் சேர்த்து. ஆரஞ்சு ஜெர்சிக்கு ஒரு உடம்பு வேண்டும், தலையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

எபியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அதே உயரம், அதே தோள்.

மே 27, செவ்வாய்

ஷூட் முடிந்தது. ஏழு பேர் நீலம், எபி ஆரஞ்சு.

அவன் எட்டு மணிக்கே வந்துவிட்டான். முடி வெட்டியிருந்தான். பியூலா யூனிட்டுக்கே கேசரி செய்து அனுப்பியிருந்தது, முந்திரி தாராளம். பையன்கள் அவன் முதுகில் தட்டினார்கள். "இன்னா நைனா, ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்க" என்று ஒருத்தன் கலாய்த்தான். எபி ஒரு கைப்பிடி கேசரியை அவன் வாயில் திணித்தான்.

இது வெறும் ஜெர்சிக்கான படம், வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே என்று அவனிடம் சொல்ல நினைத்திருந்தேன். லைட் ஒன்று எரியவில்லை. அதைச் சரிசெய்வதில் மறந்துவிட்டது. அவனும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் மச்சி" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கேசரியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

மே 28, புதன்

நாள் முழுக்கத் தலை மாற்றும் வேலை. கழுத்து நிறம் ஒத்துவரவில்லை, மூன்று மணி நேரம் தின்றது. எபியின் இடது கைச் சுண்டுவிரல் உடைந்து கூடியது, வெளிப்பக்கம் வளைந்திருக்கும். அதையும் நிமிர்த்திவிட்டேன். முழங்கைத் தழும்பை எடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "சூப்பர் தயா, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

மே 29, வியாழன்

எபி போன்.

"மச்சி, நாளைக்குப் போகல. முடிவு பண்ணிட்டேன். பியூலாகூட சரின்னுடுச்சு. ஷூட்டுக்கே கூப்ட்டாங்களே, இனிமே இன்னா இருக்குன்னுது."

"நல்லா யோசிச்சுக்கோடா" என்றேன்.

"யோசிச்சிட்டேன்டா."

"இல்ல, இன்னொரு தடவ யோசி. கவர்மென்ட் வேலை மாதிரி."

"நீயே இப்படிப் பேசற? பந்து புடிக்கறவன போய் பேனா புடிக்கச் சொல்ற" என்று சிரித்தான்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யோசி என்று இரண்டு முறை சொன்னேன். புரிந்துகொள்கிறவனுக்கு அது போதும்.

மே 30, வெள்ளி

அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டப் போனேன். டோக்கன் நாற்பத்தொன்று. நாங்கள் உட்கார்ந்தபோது பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. மணி இரண்டு ஐம்பது.

மூன்றே முக்காலுக்கு இருபத்தாறு. போனை எடுத்து எபி பெயர் வரைக்கும் போனேன். பக்கத்தில் ஒருவர் இதற்கு முன்னால் எந்த டாக்டரிடம் காட்டினோம் என்று பேச்சுக் கொடுத்தார். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா. நாலு இருபதுக்கு முப்பத்துமூன்று. வியாசர்பாடியிலிருந்து அந்த ஆபீசுக்கு பைக்கில் இருபது நிமிடம். நாலு முப்பத்தைந்துக்கு வெளியே வராந்தாவுக்கு வந்து நின்றேன். அங்கே சிக்னல் முழுசாக இருந்தது. "தம்பி, நாப்பத்தொண்ணு கூப்புடறாங்க" என்று அம்மா கத்தினாள். பலகையில் ஓடியது முப்பத்தேழு. அவளுக்குத்தான் கண் தெரியாதே. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சொட்டு மருந்தை மூன்று வேளையாகக் குறைத்திருக்கிறார். வெளியே வந்தபோது ஐந்து பத்து.

மே 31, சனி

என் ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. இந்தத் தடவை இரண்டு வருடம். பதவியில் "சீனியர்" என்று ஒரு வார்த்தை சேர்ந்திருக்கிறது. அம்மா சாமி படத்துக்குப் பூ வைத்தாள். எபிக்குப் போன் பண்ணிச் சொல்லு என்றாள். அப்புறம் என்றேன்.

ஜூன் 4, புதன்

நேற்று புது கீப்பர் அறிவிப்பு. ஆரஞ்சு ஜெர்சி நன்றாக எடுபட்டது. எபி ஒரு செய்தி அனுப்பினான்: "புதுசா ஒரு கீப்பரா? போட்டி இருந்தா நல்லதுதான்."

மேத்யூ சார் இன்று பத்து நாற்பதுக்கு அவனுக்கு போன் செய்தார். நாலு நிமிடம் பேசினாராம். பதினொன்றுக்கு நான் "நன்றி" போஸ்டரைப் போட்டேன். மூவாயிரம் பேர் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். "லெஜன்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாள் கோல் விட்டபோதெல்லாம் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும், அழித்துக்கொண்டிருந்தவன் நான்தானே.

எபி போன் செய்யவில்லை. நானும்.

ஜூன் 5, வியாழன்

பியூலா வீட்டுக்கு வந்தது. நர்சரி ஸ்கூல் டீச்சர், எப்போதும் குரல் உயராது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றது. போனை நீட்டியது. மிசோரம் பையன் ஆரஞ்சு ஜெர்சியில் நிற்கிறான்.

"இது யாருண்ணா?"

"புது கீப்பர்மா."

"மூஞ்சி அவனுது. கீழ யாரு?"

நான் படத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஏழு வருசமா துணி துவைக்கறேன் அண்ணா. விரல நேராக்கிட்டா தெரியாதா? ஒரு கால முன்னாடி வெச்சு, இடுப்ப இப்படி ஒடிச்சு, அவுரு நிக்கறத எங்க பாப்பாகூட கண்டுபுடிச்சுது. அப்பான்னுது."

அம்மா உள்ளேயிருந்து, "யாரு பியூலாவா, உள்ள வாம்மா, காபி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

"படம் எடுத்த அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியாதும்மா. ரெண்டாந்தேதிதான் தலைய மாத்தச் சொன்னாங்க."

போனைப் பைக்குள் வைத்தது. அப்புறம் அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டது. பொய் சொன்னது எனக்கு வலிக்கிறது. ஆனால் உண்மை சொன்னால் மட்டும் அந்த வேலை திரும்பியா வரப்போகிறது?

ஜூன் 7, சனி

எபி வந்தான். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அது கெடக்குது, பொம்பளைக்கு ஆத்தரம். உன்ன எதுனா சொல்லிச்சா? மனசுல வெச்சுக்காத" என்றான். "தயாவுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருப்பானான்னு கேட்டேன். வாய மூடிக்கிச்சு."

அம்மா தோசை ஊற்றிக் கொடுத்தாள். நான்கு சாப்பிட்டான். என்னால் ஒன்றுகூட முடியவில்லை.

திங்கட்கிழமை அந்த ஆபீசில் விளையாட்டு அதிகாரியைப் பார்க்கப் போகிறானாம். காலில் விழுந்தாவது கேட்கிறேன் என்றான். வேறு கிளப் பார்க்கலாமே என்றேன். இரண்டு இடத்தில் கேட்டுவிட்டானாம். முப்பது வயது கீப்பருக்கு ஜூன் மாதத்தில் யார் இடம் வைத்திருப்பார்கள்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். மேடம் எபி பெயரைச் சொல்லவில்லை. "யாராவது ஒரு ஆளைப் போட்டு எடு" என்றுதான் சொன்னார். ஜிம்மில் வேலை பார்க்கிற ஆள்கூட அதே உயரம்தான். எபிதான் கேள்வி கேட்காமல் வருவான், சொன்னபடி நிற்பான், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். அவனைக் கூப்பிட்டால் அவன் என்ன நினைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். லைட் எரியாததால் மறக்கவும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

எபி மாலையில் போன் செய்தான். குரலில் உயிர் வந்திருந்தது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும், இன்னும் கடிதம் போகவில்லை. அதிகாரி அம்மா உட்கார வைத்து முழுசாகக் கேட்டிருக்கிறார்.

"நல்லவங்கடா. 'உங்க கிளப்லேர்ந்து யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும், நான் மேல பேசறேன்'னாங்க. என்னிக்கு என்ன எடுக்கறதில்லைன்னு முடிவாச்சு, என்னிக்கு ஷூட்டுக்குக் கூப்ட்டாங்க. இந்த ரெண்டு தேதிதான். நடந்தத நடந்த மாதிரி எழுதணும்னாங்க. மேத்யூ சாரு எழுத மாட்டாரு. எனக்கு உன்னத் தவுர யாருடா?"

"எழுதறேன்" என்றேன்.

"உனக்குப் பிரச்சனை வருமா?"

"வந்தா வரட்டும்."

இதைச் சொன்னபோது நிஜமாகவே தைரியமாக இருந்தது. அதிகாரியின் மெயில் முகவரியையும் அனுப்பியிருக்கிறான். வேண்டுமானால் நேராக அவருக்கே அனுப்பலாமாம், ரகசியமாக வைத்துக்கொள்வாராம்.

ஜூன் 10, செவ்வாய்

ஆபீசில் வேலை ஓடவில்லை. கடிதத்தை நான்கு தடவை எழுதினேன்.

ஷூட்டுக்குக் கூப்பிட்டது மே 26. அது சுலபம். அப்படியே எழுதினேன். முடிவான தேதியில் பேனா நிற்கிறது.

24 என்று எழுதினால், 27-ஆம் தேதி அவனை லைட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது எனக்குத் தெரியும் என்று ஆகிறது. 29-ஆம் தேதி போனில் யோசி யோசி என்று சொன்னபோது தெரியும். வராந்தாவில் நின்றபோது தெரியும். நேராக மெயிலில் அனுப்பினாலும் அந்த அம்மா ஒருநாள் அவனிடம் சொல்லாமலா இருப்பார்? அப்புறம் அவன் என் முகத்தை எப்படிப் பார்ப்பான்? எனக்கு இருக்கிறது ஒரே சிநேகிதன்.

எப்படியும் முக்கியமான தேதி கூப்பிட்ட தேதிதான். கூப்பிட்டதை நம்பித்தானே அவன் போகவில்லை. முடிவு என்றைக்கு ஆனால் என்ன?

ஜூன் 2 என்று எழுதினேன். பியூலாவிடம் சொன்னதும் அதுதான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

டீக்கடையில் வைத்துக் கொடுத்தேன். எபி நின்றபடியே இரண்டு தடவை படித்தான். கிளப் பெயர், என் பெயர், என் புதுப் பதவி, கையெழுத்து. அவன் கண் கலங்கிவிட்டது. "வேலைக்கே உலை வெச்சுக்கினு எழுதியிருக்கடா" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். டீ மாஸ்டர் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவன் கைகளை எடுத்துவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் எபி அந்த ஆபீசுக்குப் போனான். பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது.

"வேலைக்கு ஆவலடா."

"இன்னாடா சொன்னாங்க?"

"லெட்டர படிச்சாங்க. ரெண்டாந்தேதிதான் முடிவே பண்ணியிருக்காங்க, அப்ப முப்பதாந்தேதி உங்கள யாரும் ஏமாத்தலயேன்னாங்க. அன்னிக்கு கிளப்புக்கே தெரியாது, நீங்களா நம்பி இருந்துட்டீங்க, அதுக்கு நான் மேல என்னன்னு எழுதறதுன்னு கேக்கறாங்க. முன்னாடியே முடிவு பண்ணிட்டு மறைச்சு ஷூட்டுக்குக் கூப்ட்டிருந்தா, அது உங்க கைய மீறின விசயம்னு சொல்லி வாங்கிக் குடுத்திருப்பேன்னாங்க. அவங்களுக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு."

ஒரு தேதி. நான் எழுதிய ஒரே ஒரு தேதி.

"சரி வுடு. உன்மேல இன்னா இருக்கு, நீ உள்ளத எழுதின" என்றான். என்னைத் தேற்றுகிறான்.

பின்னால் பியூலாவின் குரல் கேட்டது, போனைக் குடுங்க என்று. வாங்கிக்கொண்டது.

"அண்ணா, அந்தம்மா திங்கக்கெழம சாயங்காலம்தான் அடுத்த ஆளுக்கு லெட்டர் அனுப்பறாங்களாம். அதுக்குள்ள தேதி ஏதாவது தப்பா இருந்தா மாத்திக் குடுக்கலாமான்னு நான்தான் கேட்டேன். குடுக்கலாம்னாங்க." குரலைத் தாழ்த்தியது. "நான் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன். எப்பத் தெரியும், ஏன் சொல்லலன்னு இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன். அவருகிட்டயும் கேக்க வுட மாட்டேன். அந்தத் தேதி சரியா அண்ணா?"

தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அது முழுசாகக் கடந்து போகும் வரைக்கும் பியூலா காத்திருந்தது.

"சரிதாம்மா" என்றேன்.

ஜூன் 14, சனி

எபிக்கு போன் செய்து, இல்லைடா, தேதி தப்பு என்று சொல்லப் பழகிப் பார்த்தேன். குளியலறையில். மூன்று தடவை சத்தமாகச் சொல்ல முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு இன்றிலிருந்து இரண்டு வேளை மருந்து.

ஜூன் 16, திங்கள்

மாலை ஆறு மணி. அடுத்த ஆளுக்குக் கடிதம் போயிருக்கும். பியூலா மூன்று முறை போன் செய்தது, கடைசியாக நாலு ஐம்பதுக்கு. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எபியை எடுப்பதில்லை என்பது எனக்கு மே மாதம் 24-ஆம் தேதி, சனிக்கிழமை மதியமே தெரியும். இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.